நாற்பதைத் தாண்டாதவர்

வாசலின் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் அவர் மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். நோய்க்குப் பயந்து அல்ல, தன் மூச்சுக்குப் பயந்து. மூச்சில் ஈரம் இருக்கிறதாம். பிறகு பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ்ஷை வாசலினில் தோய்த்து, கம்ப்யூட்டரின் மதர்போர்டு மேல், முளைமுளையாக நிற்கிற சாமான்களுக்கு நடுவில், குழந்தைக்கு மை தீட்டுகிற பதத்தில் தடவிக்கொண்டு போவார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொன்னால் மூச்சு வெளியே வரும்.

"ஒரு வார்த்தைக்கு எவ்வளவு தண்ணி வெளிய போகுதுன்னு யாராச்சும் அளந்து பாத்திருக்காங்களா மச்சான்?" என்று துண்டை அவிழ்த்த பிறகு என்னிடம் கேட்டார்.

"உங்க வீட்ல பேசுறத அளந்தா குடம் பத்தாது மாப்ளே" என்றேன்.

"எனக்குக் காது கேக்குது" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அது என் தங்கை. இவருடைய மனைவி.

ஊரில் இவருக்குப் பெயர் நாப்பது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அந்த வேன் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. நேர்ச் சாலை, காலிச் சாலை, பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிற சாலை, எதுவானாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். சைக்கிள்காரன் ஒருவன் இவரை முந்திப் போகும்போது கையாட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இவர் என்றால் உயிர். "நாப்பது வண்டியில இடம் இருக்கா?" என்று வருஷ ஆரம்பத்திலேயே வந்து நிற்பார்கள். பிள்ளை இறங்க வேண்டிய இடத்தில் இவரும் இறங்குவார். இடம் பார்ப்பார், வலம் பார்ப்பார், அப்புறம்தான் கதவைத் திறப்பார். திறக்கிற கதவும் நாற்பதில்தான் திறக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும், கம்பெனிக்காரன் இவ்வளவு வேகத்துக்கு மேல் ஓட்டாதே என்று அச்சடித்துக் கொடுத்த கம்ப்யூட்டரின் மூளையை, அந்தப் பிராசசரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளி, அதைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவார். அது கொதிக்கும். கொதிக்கிறதை அடக்கக் குளிர வைக்க வேண்டும். முதலில் பெரிய மின்விசிறி வைத்தார். அப்புறம் தண்ணீர்க் குழாய் சுற்றினார். அதெல்லாம் பத்தாமல் போன பிறகுதான் என்னைத் தேடி வந்தார். நான் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன்.

அவர் கேட்டது இதுதான். பழைய ஜன்னல் ஏசியில் இருக்கிற கம்ப்ரசரைக் கழற்றித் தர வேண்டும். கடைசல் பட்டறையில் அவர் கடைந்து வைத்திருக்கிற ஒரு செம்புக் கட்டைக்கு அதிலிருந்து குழாய் இழுத்துப் பற்றவைக்க வேண்டும். காஸ் திரவமாக அந்தக் கட்டைக்குள் போய், அங்கே ஆவியாகித் திரும்பும். ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைப் பிராசசரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். பிரிட்ஜிலும் இதுதான் நடக்கிறது. பிரிட்ஜ் ஒரு குடும்பத்தின் காய்கறியைக் குளிர வைக்கிறது. இது கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சில்லைக் குளிர வைக்கும்.

"சரி மாப்ளே, எதுக்கு?" என்றேன்.

"கணக்கு சீக்கிரம் முடியும்."

"என்ன கணக்கு?"

வட்டத்துக்கு ஒரு எண் உண்டாம், புள்ளிக்குப் பிறகு முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்குமாம். அதைப் பல லட்சம் இலக்கம் வரைக்கும் போட்டுப் பார்ப்பதுதான் கணக்கு.

"போட்டு?"

"எவ்வளவு நேரத்துல முடிச்சுதுன்னு பாப்பேன்."

"பாத்து?"

"மறுபடியும் போடுவேன்" என்றார். அவர் முகத்தில் கிண்டலே இல்லை. "மச்சான், விடை எல்லாருக்கும் தெரியும். நேரம்தான் தெரியாது."

இப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்களாம். யார் எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்று இன்டர்நெட்டில் ஒரு வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் இவருக்கு ஒரு மூலையில் இடம் உண்டு. இவருக்கு நேர் மேலே, எங்கேயோ பனி பெய்கிற தேசத்துக்காரன் ஒருவன், வெள்ளைக்கரடி என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வருஷக்கணக்காக நகர மாட்டேன் என்கிறான். அவனை இவர் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற மாமன் மச்சானைப் பற்றிப் பேசுவதை விட அவனைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். "அவனுக்கென்ன, ஜன்னலத் திறந்தா குளிரு. நமக்கு ஜன்னலத் திறந்தா ஈரம்" என்பார், சொத்துத் தகராறில் தோற்றவர் மாதிரி.

ஈரம்தான் இவருக்கு எதிரி. செம்புக் கட்டை உறைய உறைய, காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் அதைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். பனியாக இருக்கிற வரைக்கும் பாதகமில்லை. தண்ணீராகி மதர்போர்டு மேல் வழிந்தால் முடிந்தது கதை. அதற்குத்தான் வாசலின். அதற்கு மேல் படம் வரைகிறவர்கள் வைத்திருக்கிற பிசையும் ரப்பர். அதற்கு மேல் கறுப்பு நுரைப் பஞ்சு. எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி. இத்தனைக்குப் பிறகும் மூன்று போர்டு போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றையும் காலமான பெரியவர்கள் படம் மாதிரி சுவரில் மாட்டி, கீழே காரணம் எழுதி வைத்திருக்கிறார். முதலாவதற்கு 'ஈரம்'. இரண்டாவதற்கும் 'ஈரம்'. மூன்றாவதற்கு 'அவசரம்' என்று இருந்தது. அவருக்கு ஏது அவசரம் என்று கேட்டேன். மூடியைக் கால் மணி நேரம் முன்னால் திறந்துவிட்டாராம்.

அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மெஷின் ஓடும்போது மூடியைத் திறக்கக் கூடாது. "மூடியத் தெறந்தா போர்டு போச்சு." சாப்பிடும்போது சொல்வார், படுக்கும்போது சொல்வார். வேனில் வருகிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடத் தங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது இதைச் சொல்லிச் சிரிக்கும்.

சோதனை நாளில் சட்டம் இன்னும் கடுமை. வீட்டில் உலை வைக்கக் கூடாது. வெந்நீர் போடக் கூடாது. ஈரத்துணி காயப்போடக் கூடாது. காலையிலிருந்து எல்லாரும் பிரெட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற மீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார். யாராவது குளித்துவிட்டு அந்தப் பக்கம் நடந்தால் முள் ஏறும். இவருக்கு முகம் இறங்கும்.

என் தங்கைக்குப் பிடிக்காமல் போனது இதில்தான். அவள் தையல் வேலை செய்கிறாள். பள்ளிச் சீருடைகளின் சட்டைப்பையில் சின்னமும் பிள்ளையின் பெயரும் எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பது அவள் தொழில். போட்ட துணியை ஆவி இஸ்திரி போட்டு மடித்தால்தான் கடைக்காரர் வாங்குவார். சோதனை நாளில் ஆவிக்கும் தடை. அவளுடைய எம்பிராய்டரி மெஷின் இருப்பதோ சமையலறைக்குப் போகிற நடையில். போகிறவர் வருகிறவர் முழங்கை இடிக்கும், தாளிக்கும்போது வெள்ளைத் துணியில் எண்ணெய் தெறிக்கும். அந்த வீட்டில் வெளிச்சமும் ஜன்னலும் உள்ள ஒரே அறையில் கம்ப்யூட்டரும் கம்ப்ரசரும் செத்த போர்டுகளும் குடியிருந்தன.

மூன்றாவது போர்டு போன அன்றைக்குத்தான் பேச்சு முற்றியது. நானும் இருந்தேன். அவள் கத்தவில்லை.

"இன்னொண்ணு வாங்கிக்கோங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா அதுவும் போச்சுன்னா அந்த ரூம் எனக்கு."

இவர் யோசித்தார். இவர் யோசிப்பதும் நாற்பதில்தான். கடைசியில், "சரி" என்றார். "ஆனா அதுவாப் போகணும். நீயாப் போக வெக்கக் கூடாது."

"நான் ஏன் தொடப்போறேன்? எனக்கு அதுல எது தலை எது வாலுன்னே தெரியாது."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீ அவருக்கு மறுபடியும் பைப் மாட்டிக் குடுக்கப்போறியா, இல்ல எனக்கு ரூம் வாங்கிக் குடுக்கப்போறியா?"

நான் காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு பக்கமும் தலையாட்டி வைத்தேன்.

மழைக்காலம் முடிந்து காற்று கொஞ்சம் காய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுப் போர்டு. குழாயை மறுபடியும் பற்றவைத்து, காற்றை உறிஞ்சி, காஸ் ஏற்றினேன். காஸ் கூடினால் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பி வந்து அதை உடைக்கும். குறைந்தால் குளிர் பத்தாது. நான் ஏற்ற ஏற்ற, இவர் திரும்பி வருகிற குழாயில் எதுவரை பனி படிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஹோல்டான்" என்றார். வேனைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் குரல் கொடுப்பது போலவே இருந்தது.

செம்புக் கட்டையின் குளிரைக் காட்டுகிற முள் மைனஸ் நாற்பதில் வந்து நின்றது. "மைனஸ் நாப்பது" என்று இவர் முணுமுணுத்தார்.

"ரோட்லயும் நாப்பது, இங்கயும் நாப்பதா?" என்று நடையிலிருந்து தங்கை கேட்டாள். இவர் முணுமுணுத்தது நடைவரைக்கும் எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. காது அப்படி.

கம்ப்யூட்டரைப் போட்டார். ஓடியது. வேகத்தை ஒரு படி ஏற்றிக் கணக்கைப் போட்டார். முடிந்தது. இன்னொரு படி. முடிந்தது. ஒவ்வொரு படிக்கும் கம்ப்ரசரின் சத்தம் லேசாகக் கனத்தது. இவர் நெற்றியில் வியர்வை. அது சொட்டக் கூடாது என்று உடனே துடைத்துக்கொண்டார். நான்காவது படியில் திரையில் வந்த நேரத்தைப் பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்தார். வெள்ளைக்கரடிக்கும் இவருக்கும் நடுவில் ஒரு கண் சிமிட்டலில் பாதிதான் பாக்கி.

"இன்னும் ஒரு படி மச்சான். ஒரே ஒரு படி. தாங்கும். இது தாங்குற போர்டு."

விரல் பட்டனுக்குப் போனது. அப்போதுதான் என் தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், திட்டுவதற்கோ டம்ளர் எடுப்பதற்கோ அல்லாமல் அவள் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. புடவையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே கறுப்பு நுரைப் பஞ்சு மட்டும்தான் தெரிந்தது.

"பனி பனின்னு சொல்றீங்களே, எங்க இருக்கு?"

"பஞ்சுக்கு உள்ள இருக்கு."

"நான் பனியே பாத்ததில்ல" என்றாள். "பிரிட்ஜில இருக்கிறது கணக்கில்ல. உங்க பனியச் சொல்றேன். காட்டுங்களேன்."

அறையில் கம்ப்ரசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் இவரைப் பார்த்தேன். இவர் அவளைப் பார்த்தார். அப்புறம் திரையில் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தைப் பார்த்தார். அந்த வீட்டின் சட்டம் அவளுக்குத் தெரியாதது அல்ல. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். வேண்டுமென்றே கேட்டாளா, ஆசைப்பட்டுக் கேட்டாளா என்று நான் இன்றுவரை அவளிடம் விசாரிக்கவில்லை. என் தங்கையை எனக்குத் தெரியும். விசாரித்தாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் வரும்.

இவர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். எழுந்தார். பெட்டிக்கு இடம் பார்த்தார், வலம் பார்த்தார். மூடியைத் திறந்தார்.

சட்டென்று திறந்து சட்டென்று மூடியிருந்தால் கூட ஒருவேளை பிழைத்திருக்கும். ஆனால் அவருக்கு அந்தப் பழக்கம் இல்லையே. மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார். நுரைப் பஞ்சை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார், காயத்துக் கட்டைப் பிரிக்கிற மாதிரி. உள்ளே செம்புக் கட்டை தெரியவே இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக, உப்புக் கல்லை ஊசி ஊசியாக நட்டது போல, பனி நின்றிருந்தது. அதிலிருந்து புகை மாதிரி ஒன்று இறங்கி மேஜை மேல் பரவியது.

"இதா!" என்றாள் என் தங்கை. நிஜமாகவே வாயைப் பிளந்துவிட்டாள்.

"தொடாத. தோலு ஒட்டிக்கும்."

"தொடல. இந்தச் சின்னக் குழாய் எதுக்கு?"

"இது வழியாத்தான் காஸ் உள்ள வருது. பாரு, தலைமுடி கனத்துக்கு ஒரு ஓட்டை. அதுல நெருக்கித் தள்ளி விட்டா இங்க வந்து விரியும். விரியும்போது குளிரும்."

"ம். அப்புறம்?"

"அப்புறம் இந்தக் குழாய் வழியா ஆவியாத் திரும்பிப் போகும்."

"ம். எங்க போகும்?"

இப்படி ஒருத்தி ஒரு தடவை கூடக் கேட்டதில்லை அவரை. ஒவ்வொன்றாகக் காட்டினார். முன்கூட்டி வாயைக் கட்ட மறந்துபோனார். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கி, முதல் பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அவளும் குனிந்து, மூக்கு பெட்டிக்குள் போகிற அளவுக்கு வைத்துக்கொண்டு, ம் கொட்டினாள். இரண்டு பேர் மூச்சும் ஒன்றாகக் கலந்து உள்ளே போனது. சுவரில் இருந்த மீட்டரின் முள் ஏறிக்கொண்டே இருந்தது. நான் அதைக் கையால் காட்டினேன். இவர் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, "இந்தப் பக்கம் வா, இங்கேருந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்" என்று அவளைக் கூப்பிட்டார்.

பஞ்சு உரித்த இடத்தில் முதலில் மூடுபனி மாதிரி ஒரு படலம் தெரிந்தது. பிறகு முத்து முத்தாகத் திரண்டது. பிறகு ஒரு முத்து இன்னொன்றோடு சேர்ந்து, வாசலின் தடவாத ஒரு இடுக்கைத் தேடிக் கண்டுபிடித்து இறங்கியது. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரை கறுத்தது.

"என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"போச்சா?"

"போச்சு."

கம்ப்ரசரை நான்தான் நிறுத்தினேன். அந்த அமைதியில் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் கேட்டது. அவள் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. முந்தானையால் மேஜை மேல் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"அழகாத்தான் இருந்துச்சு" என்றாள். முந்தானையைப் பிழிந்துகொண்டே, "அதுவாத்தானே போச்சு?" என்று கேட்டாள்.

"அதுவாத்தான்" என்றார் இவர்.

அடுத்த ஞாயிறு அறை கைமாறியது. நானும் போனேன், தூக்குவதற்கு ஆள் வேண்டுமே. கம்ப்ரசரைத் தூக்கி வெளியே ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். குழாயை வெட்டட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். எம்பிராய்டரி மெஷினை ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டோம். தங்கை உட்கார்ந்து துணியை இழுத்துப்போட்டு ஆரம்பித்தாள். ஒரு வாரச் சீருடை பாக்கி. அறை முழுக்க வெளிச்சம். பக்கத்தில் ஆவி இஸ்திரி புஸ் புஸ் என்று தாராளமாக ஊதிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அதைத் தடுக்க இனி ஒரு காரணமும் இல்லை.

வெள்ளைக்கரடி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நல்லா இருக்கட்டும் என்று இவர் செய்தி அனுப்பிவிட்டாராம். அவன் பதிலுக்கு ஒரு கரடிப் படம் அனுப்பியிருந்தான். எனக்குக் காட்டினார். அவர் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. இருந்தாலும் அறையை விட்டுப் போகாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மெஷின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி.

"நடுநடுவுல ஏன் நிறுத்துற?" என்று கேட்டார்.

"மோட்டார் சூடாயிடும். ஆறட்டும்னு நிறுத்துவேன். நிறுத்த வேணாம்னா மெதுவா ஓட்டுன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான்."

"மெதுவாவா?"

"ஆமா. எவ்வளவோ வேகமாப் போகுமாம். ஆனா சூடு."

இவர் கிட்டே போய்க் குனிந்து, மோட்டார் மேல் புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். அவள் நூல் மாற்றுகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. பிறகு மண்டி போட்டு உட்கார்ந்து, மோட்டாரிலிருந்து மேஜைக்கால், மேஜைக்காலிலிருந்து சுவர், சுவரிலிருந்து ஜன்னலுக்குக் கீழே கம்ப்ரசர் இருக்கிற இடம் வரைக்கும், விரித்த கையால் ஒவ்வொரு சாணாக, நிதானமாக அளந்துகொண்டே போனார்.